கேரியர் இல்லாத சைக்கிள்

ஐம்பது வயதில் ஒரு பெண் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை. தேனிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன்; ஊர்க்காரர்களுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது, அவ்வளவுதான். வருசநாட்டுக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்று சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ் இருக்கு. கார் இருக்கு. எதுக்கு சைக்கிளு?"

"சாதா சைக்கிள் இல்ல. கிராவல் பைக்குன்னு ஒண்ணு வந்திருக்கு."

"கிராவலா? ரோடு போடையில லாரியில கொண்டாந்து கொட்டுவாகளே, அந்தச் செம்மண்ணா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் கிராவல் என்றால் அதுதான். தார் ரோட்டில் ஓடும், ஜல்லியில் ஓடும், வாய்க்கால் கரையிலும் ஓடும், நாள் முழுக்க மிதித்தாலும் உடம்பு தாங்கும், அப்படி ஒரு சைக்கிள் என்று விளக்கினேன். "அப்ப நம்ம பழைய சைக்கிளுக எல்லாம் தண்ணியிலயா ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

உண்மையான காரணத்தை மறுநாள்தான் சொன்னேன். அக்கா வருசநாட்டை விட்டுப் போகிறாள். மாமாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. மகன் திருப்பூரில் வீடு கட்டிவிட்டான். தோப்பை விலை பேசியாயிற்று. தை பிறந்ததும் கிளம்புகிறார்கள். அதற்குள் நான் ஒரு தடவையாவது அவள் வாசலில் சைக்கிளில் போய் இறங்கியாக வேண்டும். முப்பத்தைந்து வருடமாக அவள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குத் திருப்பூரில் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் பிறந்தது காமயகவுண்டன்பட்டி. பள்ளிக்கூடம் கம்பத்தில். டவுன் பஸ் உண்டு. ஆனால் எங்கள் ஊருக்கு வரும்போதே படியில் ஆள் தொங்கிக்கொண்டுதான் வரும். அப்பா ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்காதான் ஓட்டியிருக்க வேண்டும். பழக ஆரம்பித்த இரண்டாம் நாளே வாய்க்காலுக்குள் விட்டுக் கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த அன்று அப்பா அக்காவிடம் தீர்ப்பு சொன்னார்: "அவ மிதிக்கட்டும். நீ பின்னாடி உக்காரு." பதினான்கு வயதிலேயே நான் அவளைவிட நெடுநெடுவென்று இருந்தேன். அன்றிலிருந்து நான் முன்னால், அவள் கேரியரில்.

பின்னால் உட்கார்ந்தவள் சும்மா வரமாட்டாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகத்தை என் முதுகில் சாய்த்து வைத்து, ப்ளஸ் டூ தாவரவியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். இருபுறமும் திராட்சைப் பந்தல், நடுவில் வேர், தண்டு, இலை. வழியில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாடம் நின்றுவிடுமே என்று இடுப்பில் கிள்ளுவாள். ஒரு கிள்ளு என்றால் பின்னால் பஸ் வருகிறது, ஒதுங்கு. இரண்டு என்றால் மெதுவாகப் போ. மூன்று என்றால் நிறுத்து, நான் இறங்க வேண்டும். சாயங்காலம் வீட்டு வாசலில் மூன்று கிள்ளு விழாமல் நான் பிரேக் பிடித்ததே கிடையாது. என் இடது இடுப்பு அந்த ஒரு வருடம் முழுக்கக் கன்றிப்போய்த்தான் இருந்தது.

ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த நான் அந்தத் தாவரவியலை முதுகாலேயே படித்துவிட்டேன். பிறகு அதே பாடம் எனக்கு வந்தபோது புதிதாகப் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த மார்க்கில்தான் பார்மசிக்கு இடம் கிடைத்தது. சத்தம் போட்டுப் படித்தவளுக்கு ரிசல்ட் வந்த அடுத்த மாதமே கல்யாணம். நல்ல மார்க்தான் வாங்கியிருந்தாள். இதை யாரிடமும் நான் பெரிதாகப் பேசியதில்லை.

வருசநாட்டில் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். பெண்ணை அழைத்துப் போகிற அன்று அம்பாசிடர் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "அழாதக்கா, மாசா மாசம் சைக்கிள்லயே வந்துருவேன்" என்றேன். வருசநாடு எங்கே இருக்கிறது என்றே எனக்கு அப்போது தெரியாது. கம்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் என்று நினைத்திருந்தேன். தேனிக்குப் போய், அங்கிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு எல்லாம் தாண்டி எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மறுவீட்டுக்கு அப்பாவோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். அக்கா ஓடி வந்து முதலில் கேட்டாள், "சைக்கிள எங்கன விட்ட?" அதிலிருந்து ஆரம்பித்தது. நான் கைக்குழந்தையோடு போனபோது கேட்டாள். முதன்முதலாகக் கார் வாங்கிப் பெருமையாகப் போய் நின்றபோது கேட்டாள். அவளுடைய மாமனார் இறந்த அன்று மாலையோடு வேனில் போய் இறங்கினேன், என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதவள், அழுகைக்கு நடுவில் காதோரம், "சைக்கிள எங்கன விட்ட?" என்றாள். இழவு வீட்டில் நான் சிரித்து மானம் போனது.

இதையெல்லாம் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கவில்லை, கீழேயே வைத்துவிட்டார். "சரி, நல்ல சைக்கிளாப் பாத்து வாங்கு" என்றார்.

எது நல்ல சைக்கிள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். கோயம்புத்தூர்ப் பெண், வயது முப்பதுக்குள்தான். ஞாயிற்றுக்கிழமையானால் போடிமெட்டு வரை சைக்கிளில் ஏறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி திங்கட்கிழமை வந்து உட்காருவார். நான் கேட்டதும் தன்னுடைய கிராவல் பைக்கையே கொடுத்துவிட்டார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மேடம். உங்க உடம்புக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாங்குங்க."

முதல் நாள் அதன் கைப்பிடியைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. கிடாக்கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்கியது. குனிந்து பிடித்தால் ரோடு முகத்துக்கு நேரே வந்தது. மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் விட்டேன். கூழாங்கல், பள்ளம், காய்ந்த சேறு எல்லாவற்றின் மேலும் அந்தத் தடித்த டயர் அலட்டிக்கொள்ளாமல் போனது. கொக்குகள் எழுந்து பறந்தன. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பியபோது எனக்குப் பதினான்கு வயது. மூட்டுக்கு மட்டும் ஐம்பது.

வாரம் முடிந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்த வழக்கமில்லை. கிண்ணமென்றால் உள்ளே நான்கு முறுக்காவது இருக்கும், கூடையென்றால் ஒரு குலை திராட்சை. சைக்கிளுக்குள் என்னத்தைப் போடுவது? யோசித்துப் பார்த்தேன். டாக்டரம்மா அதை எப்போதும் சுவரில் சாய்த்துத்தான் நிறுத்துவார், பாவம், ஸ்டாண்டு இல்லாத வண்டி. எங்கள் ஊர்க் கடையிலிருந்து எந்தச் சைக்கிளும் ஸ்டாண்டும் கேரியரும் மாட்டாமல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தால் பிள்ளை சந்தோஷப்படும் என்று தோன்றியது.

தேனியில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "யாரும்மா இத வித்தாக? மொட்டையா வித்திருக்காக" என்று பின் சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஸ்டாண்டை வைத்து முடுக்கினார். நான் ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடியது.

"இன்னும் கொஞ்சம் முடுக்குங்கண்ணே. ஆடக் கூடாது."

முடுக்கினார். நொறுக்கென்று ஒரு சத்தம். இரும்புக் குழாய் என்று நினைத்து இரண்டு பேரும் அலுமினியத்தை நசுக்கிவிட்டோம். கட்டைவிரல் புதைகிற அளவுக்குக் குழி. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "எத்தன சைக்கிளுக்கு மாட்டியிருக்கேன், எதுவுமே இப்படி அமுங்குனதில்லம்மா" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த நிமிடம் நான் இரக்கப்படுகிற நிலையிலா இருந்தேன்? வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டித் தீர்த்தேன். முடுக்கச் சொன்னது நான்தான் என்பது வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. மறுநாள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டாக்டரம்மா குழியை விரலால் தடவிப் பார்த்தார். வேறு வண்டி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்ட இது போதும் மேடம். லாங் போகத்தான் பயம். இந்த மாதிரி வண்டியில ஒண்ணும் சேத்து மாட்டக் கூடாது, அவ்வளவுதான்." அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு போட்டுக் கம்பீரமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் நான் மருந்து அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

ஒன்றும் சேர்த்து மாட்டக் கூடாது. இதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டுதான் மதுரைக்குச் சைக்கிள் வாங்கப் போனேன். கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத் தக்கவர், பொறுமைசாலி. விலையைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். எவ்வளவு தூரம் போவீங்க? ரோடு எப்படி? என்ன எடுத்துட்டுப் போவீங்க? தொண்ணூறு கிலோமீட்டர் என்றேன். பாதி நல்ல ரோடு, பாதி கடவுள் விட்ட வழி என்றேன். மூன்றாவதற்கு, "ரெண்டு தண்ணி பாட்டில். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

முதல்முதலாக வாங்குகிறவர்களுக்கென்று இருந்தவற்றில் இரண்டை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று பச்சை, இரும்பு. இன்னொன்று சாம்பல், அலுமினியம். இரண்டிலும் டிஸ்க் பிரேக், இரண்டிலும் மேட்டில் உட்கார்ந்தபடியே ஏற்றிவிடக்கூடிய சின்ன கியர். நின்று பார், உட்கார்ந்து பார், கையை நீட்டிப் பார் என்று அளவெடுத்தார். எடையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், உடம்பு நோகாமல் நாள் முழுக்க உட்கார முடிகிறதா என்று பாருங்கள் என்று அவர் சொன்னதை இப்போதும் யார் கேட்டாலும் நானும் சொல்கிறேன். பச்சையைத் தட்டிக் காட்டி, "லாங் போறவங்க இத எடுப்பாங்கம்மா. பின்னாடி கேரியர் மாட்ட ஓட்டை இருக்கு பாருங்க" என்றார்.

கேரியர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த நொறுக் சத்தம்தான் காதில் விழுந்தது. "கேரியரே வேண்டாம்" என்று ஏறக்குறைய கத்திவிட்டேன். சாம்பலைத் தூக்கிப் பார்த்தேன், ஒற்றைக் கையில் வந்தது. ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, வழுவழுவென்று இருந்தது. அதையே வாங்கினேன். ரொம்ப புத்தியாக வாங்கிவிட்டதாக எனக்கு நினைப்பு.

கார்த்திகை முழுவதும் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் பழகினேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன், அப்பா வீட்டில் இப்போது தம்பி குடியிருக்கிறான். எங்கிருந்து புறப்பட்டாலும் வாக்கு வாக்குதான் என்று எங்கள் வீட்டுக்காரர் தேனியிலிருந்தே கிளம்பச் சொன்னார். நான் ஒப்பவில்லை. அவளுக்கு வாக்குக் கொடுத்தது இந்த வாசலில் நின்றுதான், இங்கன இருந்துதான் போவேன். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, பந்தல்களுக்கு நடுவே மிதித்துக் கம்பத்துக்கு வந்தேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது தாவரவியல் பாடம் தானாக வாயில் வந்தது.

உத்தமபாளையம், சின்னமனூர். வீரபாண்டியில் டீ. என்னைத் தாண்டிப் போன டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆத்தா, எந்த ஊருல பந்தயம்?" என்றார். எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றே ஒன்று. பின்னால் பஸ் வரும்போதெல்லாம் சத்தம் கேட்பதற்கு முன்பே என் இடது இடுப்பு எதையோ எதிர்பார்த்தது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் உடம்புக்கு இது மறக்கவில்லை என்று தெரிந்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டேன். அடுத்த மைல் முழுக்கக் கண் கலங்கியே இருந்தது.

தேனியில் எங்கள் வீட்டுக்காரர் எலுமிச்சை சாதத்தோடு நின்றார். சாப்பிடச் சாப்பிட டயரை அமுக்கிப் பார்த்தார், பெரிய நிபுணர். கண்டமனூரைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. கடமலைக்குண்டு அருகே ரோட்டைத் தோண்டி ஜல்லி பரப்பிப் போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி ஊன்றிப் போக, நான் மிதித்துக்கொண்டே போனேன். மதுரைக் கடைக்காரருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். மேடு வரும்போது சின்ன கியரில் போட்டுவிட்டு, நடந்து போகிறவர்களோடு நலம் விசாரித்துக்கொண்டே ஏறினேன். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. வருசநாடு வந்து சேரும்போது மணி மூன்று.

அக்காவிடம் சொல்லாமல்தான் போயிருந்தேன். வீட்டில் பாதிச் சாமான் சாக்குக்குள் போயிருந்தது. மாமா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா பித்தளைப் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் நிழலைப் பார்த்ததும் நிமிராமலே கேட்டாள்.

"வா. சைக்கிள எங்கன விட்ட?"

"வாசல்ல."

கை நின்றது. என்னைப் பார்த்தாள், வேர்வையில் ஒட்டியிருந்த சட்டையை, முழங்கால்வரை படிந்திருந்த புழுதியைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்கு ஓடினாள். காலைத் தாங்கித் தாங்கி மாமாவும் பின்னால் வந்தார். "இம்புட்டுத் தூரமா? சொல்லியிருந்தா நான் கார் அனுப்பியிருப்பேனே" என்றார், விஷயம் புரியாமல். அக்கா சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். கைப்பிடியைத் தொட்டாள். சீட்டைத் தொட்டாள். சீட்டுக்குப் பின்னால் கையை வைக்கப் போனாள், அங்கே ஒன்றும் இல்லை.

"ஏண்டி, நான் எங்கன உக்கார்றது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். டயரைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன். என்ன எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று ஒரு மனிதர் நேருக்கு நேராகக் கேட்டும் தண்ணீர் பாட்டில் என்றேன். பச்சை வண்டியின் கேரியரும் ஆளைத் தாங்காது, சாமான் பை வைக்கத்தான் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அது சமாதானம் ஆகுமா? எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை. எல்லாக் கிலோமீட்டரும் அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு, அவள் உட்கார இடமில்லாத சைக்கிளைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறேன். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எந்திரி. பெரிய மனுசி, ரோட்டுல உக்காந்து அழுகுறா" என்று அக்கா என் தலையில் தட்டினாள். பிறகு எதிர் வீட்டு வாசலைப் பார்த்தாள். பால்காரர் கறந்த பாலை வாங்கிக் கேன்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் பழைய இரும்பு, கனத்த ஸ்டாண்டு, பலகை மாதிரி அகலமான கேரியர்.

"அண்ணே, கேன இறக்கி வச்சுட்டு சைக்கிளக் கொஞ்சம் குடுங்க."

"யாருக்குத் தாயி?"

"எங்களுக்குத்தான்."

அவர் கேன்களை இறக்கினார். நான் ஏறினேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். சைக்கிள் ஒரு தள்ளாட்டம் தள்ளாடியது. "விழுந்துறாத, எனக்கு ஒரு தடவ முறிஞ்சதே போதும்" என்றாள். தொண்ணூறு கிலோமீட்டரில் படாத பாட்டை அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் பட்டேன். கியர் கிடையாது, பிரேக் பிடித்தால் கிறீச்சிட்டது, செயின் கரகரத்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் இடுப்பில் ஒரு கிள்ளு. ஒதுங்கினேன், பஸ் போனது. ஆற்றுப் பக்கம் திரும்புகிற இறக்கத்தில் இரண்டு. மெதுவாகப் போனேன். கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா, "தங்கச்சி வந்திருக்கா, சைக்கிள்ல வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுடைய தோப்பைத் தாண்டும்போது மட்டும் தலையை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு சுற்று சுற்றி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். வாசலில் மாமா நின்றிருந்தார், பால்காரர் கேன்களோடு காத்திருந்தார், என் சாம்பல் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. நான் மிதிப்பதை நிறுத்தி, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு, மூன்று கிள்ளுக்காகக் காத்திருந்தேன். வாசல் வந்தது. கிள்ளு விழவில்லை. அவள் கை என் இடுப்பில் அப்படியே இருந்தது. நான் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி மிதித்தேன்.